அக்காவைச் சந்தேகித்த ஆண்டுகள்

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. அவரது பொறுமையையும் ஜெப வாழ்வையும் பற்றி மற்றவர்கள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். அவை அனைத்தும் உண்மை. உடன்பிறந்த ஒரே தம்பியாகிய நான் எழுத வேண்டியது வேறு. பல ஆண்டுகள் நான் அவரை நம்பவில்லை. இதை எழுதலாமா என்று என் மனைவி ஹெலனிடம் கேட்டேன். "உள்ளதை உள்ளபடி எழுதுங்க" என்றாள்.

அக்கா பிறந்தது ஆம்பூரில். அப்பா தோல் பதனிடும் டேனரியில் மெஷின் ஓட்டினார். அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினைந்து. அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், விசுவாசிகளின் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நாங்கள் அழவில்லை. மறுநாளிலிருந்து அக்கா சமைத்தார், என் சட்டையைத் துவைத்தார், பள்ளிக்கும் போனார். பிறகு வேலூரில் நர்ஸ் படிப்பு, அங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் படிக்க வைத்தவர் அவரே.

தொண்ணூறுகளின் நடுவில், மனநல ஆலோசனைப் பயிற்சிக்காக அவரைச் சில மாதம் பெங்களூருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த அக்கா வேறு மாதிரி இருந்தார். முன்பெல்லாம் யாராவது கஷ்டம் என்று வந்தால் உடனே முழங்கால் போடுவார். இப்போதோ, உள்ளே இருப்பது கோபமா, பயமா, துக்கமா என்று முதலில் கேட்டார். அது வெளியே வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். ஜெபம் அதற்குப் பிறகுதான். ஏன் என்று கேட்டதற்கு, "ஆண்டவரே சிநேகிதன் கல்லறை முன்னாடி நின்னு அழுதாரு. நாம மட்டும் சிரிச்ச மூஞ்சியோட போய் நிக்கணுமா?" என்றார்.

அவருக்கு வியாழக்கிழமை விடுமுறை. ஆயரின் அனுமதியோடு, அன்று மதியம் ஆம்பூரில் எங்கள் ஆலயத்தை ஒட்டிய அறையில் ஆட்களைச் சந்தித்தார். கதவு சாத்தியிருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஷூ கம்பெனியில் தோலைச் சோதித்துப் பிரிப்பது என் வேலை. பளபளப்புக்கு அடியில் குறை தேடும் கண் எனக்கு. அந்தக் கண்ணோடுதான் அக்காவையும் பார்த்தேன். யார் யார் போகிறார்கள்? ஏன் கண் வீங்கி வருகிறார்கள்? ஊர் ரகசியமெல்லாம் இவருக்கு எதற்கு? சபைக் கமிட்டியில் நானும் இருந்ததால், கேட்கும் உரிமை எனக்கு உண்டென்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் முதல் குழந்தை பிறந்து இரண்டே நாளில் இறந்தது. அப்பாவின் வழியில் நானும் அடுத்த வாரமே வேலைக்குப் போனேன். ஹெலன் அழுதபோது, இது அவிசுவாசம் என்று கண்டித்தேன். சில மாதம் கழித்து, வியாழன்தோறும் மாதர் ஐக்கியத்துக்குப் போவதாக அவள் சொல்ல ஆரம்பித்தாள். மாதர் ஐக்கியம் கூடுவது செவ்வாய்க்கிழமை. ஒரு வியாழன் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் பின்னால் போனேன்.

அவள் நுழைந்தது அக்காவின் அறைக்குள். பின்பக்க ஜன்னல் அரைகுறையாகத் திறந்திருந்தது. ஹெலனுக்கு எதிரே ஒரு காலி நாற்காலி. அக்கா ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஹெலன் அந்த நாற்காலியைப் பார்த்து அழுதுகொண்டே பேசினாள். என் காதில் விழுந்தது ஒரே வரி: "ஒரு தடவ கூட தூக்கிப் பாக்கலியே."

இறந்த குழந்தையை அழைத்துப் பேச வைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். வீட்டில் எதுவும் கேட்கவில்லை. ஆலய அறையில் மரித்தோரோடு பேசும் காரியம் நடக்கிறது என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். ஹெலன் பெயரை எழுதவில்லை.

அக்காவை அழைத்து விசாரித்தார்கள். மனதுக்குள் அடைத்து வைத்ததைச் சொல்லிப் பழக ஒரு வழிதான் அது, யாரையும் வரவழைப்பதில்லை என்று நிதானமாக விளக்கினார். செயலாளருக்கு அது போதவில்லை.

"அந்த நாற்காலியில யார் இருக்கிறதா நெனச்சிப் பேசினாங்க? அத மட்டும் சொல்லிடுங்க சிஸ்டர், விட்டுடறோம்."

"அது வந்தவங்க விஷயம் ஐயா. நான் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றமுள்ளவர்தான் வாய் திறக்கமாட்டார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அறைக்குப் பூட்டுப் போடப்பட்டது.

பூட்டிய செய்தி ஹெலனுக்கு எட்டியதும், நீங்களா எழுதினீர்கள் என்று கேட்டாள். ஆமாம், நம் பிள்ளையின் ஆவியோடு பேசுவது பாவமில்லையா என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"புள்ள கிட்ட நான் எங்க பேசினேன்? அந்த நாற்காலில இருந்தது நீங்க. ரெண்டு நாள் உயிரோட இருந்திச்சி. ஒரு தடவ கூட நீங்க தூக்கிப் பாக்கலியே. அத உங்க கிட்ட நேரா கேக்க எனக்கு தைரியம் இல்ல."

அக்கா முதலில் மறுத்தாராம். சொந்தத்துக்குள் இதைச் செய்யக் கூடாது, வேலூரில் வேறொருவரிடம் அனுப்புகிறேன் என்றாராம். ஹெலன்தான் விடவில்லை. அழுது முடித்த பிறகுதான் தனக்கு மறுபடி ஜெபம் வந்தது என்றும் சொன்னாள்.

பிறகு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அம்மாவுக்காக அழாததையும் சேர்த்து அங்கே அழுதேன். ஆனால் கமிட்டியில் என் புகாரைத் திரும்பப் பெற எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. மானம் போய்விடும் என்ற பயம். பெற்ற பிறகும் பூட்டைத் திறக்கவில்லை. அக்கா வேலூர் மருத்துவமனைக் குவார்ட்டர்ஸில் தம் சமையலறையில் ஆட்களைச் சந்தித்தார். கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல எங்கள் வீட்டுக்குக் கேக் கொண்டுவந்தார். அந்த அன்பையும் நான் சந்தேகித்தேன். பெங்களூரில் கற்ற வித்தையோ என்று பார்த்தேன்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அவருக்குப் புற்றுநோய் வந்தது. கடைசி நான்கு மாதம் எங்கள் வீட்டில் இருந்தார். ஒரு மதியம் ஹெலன் கடைக்குப் போயிருந்தபோது, என்னை மன்னித்தாயா என்று கேட்டேன்.

"நீதான் எழுதினன்னு அன்னிக்கே தெரியும்டா. கோவம் ஜாஸ்தியா இருந்திச்சி. மறைக்காம அப்படியே ஆண்டவர் கிட்ட தினமும் சொன்னேன்."

"இப்ப இல்லியா?"

"கொஞ்சம் இருக்கு. அதுக்காக எழுந்து போய்டாத. உக்காரு."

முழுவதும் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். கொஞ்சம் இருக்கிறது என்றாரே, அப்போதுதான் அத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக அக்கா சொன்னதை அப்படியே நம்பினேன். உட்கார்ந்தேன். பன்னிரண்டு நாள் கழித்து, விடியும் நேரத்தில், வலி அடங்கி அமைதியாகக் கண்மூடினார்.

வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், ஜெபித்த சபையாருக்கும், அக்காவைக் குளிப்பாட்டித் தலைவாரிய பக்கத்து வீட்டு பாத்திமா அம்மாவுக்கும், அந்த அறையை மீண்டும் திறந்துவிட்ட இன்றைய ஆயருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்க ஆராதனையில் எனக்கு முகம் தெரியாத பலர் கடைசி வரிசையில் நின்று வாய்விட்டு அழுதார்கள். நீங்கள் யார், எதற்காக அக்காவிடம் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வந்ததற்கு நன்றி.