விமானத்துக்குக் கையாளாகப் போனபோது

ராசிங்காபுரத்துக்குக் கீழே, சோளம் அறுத்த காட்டில் ஒரு சின்ன விமானம் இறங்கியது. இரண்டே பேர் உட்காரக்கூடிய பயிற்சி விமானம். நடுவானில் எஞ்சின் நின்றுபோனதால் வேறு வழியில்லாமல் அங்கே இறக்கிவிட்டார்கள். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக முடியும் என்று கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து இரண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று போடியில் விசாரித்திருக்கிறார்கள். ஜீப்பு பட்டறையில் வேலை பார்க்கும் என்னை அனுப்பிவைத்தார்கள்.

இருவரில் ஒருவர் பெண். என்னைவிட ரொம்பவே இளையவர். அவருக்கு நான் கையாளா என்று முதலில் எனக்கு உறுத்தியது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் ஸ்பேனரைப் பிடித்த பிடியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

இறக்கையின் நுனியைத் தோளில் தாங்கி நிற்பதும், கழற்றியவற்றைத் துடைத்துக் கொடுப்பதும், வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தை விரட்டுவதும் என் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் உயிரை வாங்கியது. ஒரு பெரியவர் வரப்பைவிட்டு நகரவே மாட்டேன் என்றார். “லிட்டருக்கு எம்புட்டு குடுக்குது அப்பு?” என்று என்னிடம் கேட்டார். நானே ஓட்டிவந்து இறக்கினவன் மாதிரி, “ஒங்க டிவிஎஸ் வண்டி அளவுக்குக் குடுக்காது” என்றேன்.

நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்கக் குறுக்கே ஒரு சின்னக் கம்பியைச் செருகி, அதன் இரு கால்களையும் வளைத்துவிடுவார்கள். அதுதான் காட்டர் பின். அந்தப் பெண் ஒவ்வொரு பின்னாகக் கழற்றினார். கழற்றிய கையோடு கட்டிங் பிளேயரால் இரண்டாக நறுக்கி ஒரு டப்பாவில் போட்டார். பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும் பின்கள். எனக்கு வயிறு எரிந்தது.

“நல்ல பின்ன எதுக்கு மேடம் வெட்டுறீக? குடுங்க, எங்க ஜீப்புக்கு ஆகும்.”

“அதுக்குத்தானுங்ண்ணா வெட்டறேன். ஒருக்கா வளைச்சு, மறுக்கா நிமித்துன கம்பி. எப்ப விட்டுப்போகும்னு ஆருக்குத் தெரியும்? முழுசாக் கெடந்தா ஆராச்சும் எடுத்து மாட்டிருவாங்க.”

“ரெண்டு பேரு போற வண்டிக்கா இம்புட்டு?”

அவர் கையை நிறுத்தினார். “உங்க ஜீப்புல எத்தன பேருங்ண்ணா போவாங்க?”

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகும் பெண்களை எங்கள் ஊர் ஜீப்புகளில் எண்ணி ஏற்றுவதில்லை, இடம் இருக்கும்வரை ஏற்றுவார்கள். என் அக்காவும் அப்படித்தான் தினமும் போகிறாள்.

மறுநாள் விடியும் முன்னே அக்கா ஏறும் இடத்துக்குப் போய்விட்டேன். ஜீப்பு வந்து நின்றதும் டார்ச்சோடு அடியில் படுத்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புவது டை ராடு என்ற கம்பி. அதன் நட்டில் பின் இருக்க வேண்டிய துளையில் ஒரு துருப்பிடித்த ஆணி வளைந்து கிடந்தது. இந்த மாதிரி ஆணிகளை நான் பார்க்காதவன் அல்ல. ஆனால் போடிமெட்டு வளைவுகளில் அக்காவை அந்த ஆணியோடு சேர்த்து நினைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். பயந்துபோனேன். எழுந்து சாவியை உருவிக்கொண்டேன்.

“அண்ணே, வருசக்கணக்கா இந்த ஆணிதான் சொமக்குது. சாவியக் குடு, வெரசாப் போகணும்” என்றான் டிரைவர்.

“கடை தெறக்கட்டும் மாப்ளே. புதுப் பின்ன மாட்டிட்டுப் போ.”

உள்ளே ஏறி உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைத் திட்டத் தொடங்கினார்கள். அக்கா இறங்கி வந்தாள்.

“கடை தெறந்து நாங்க எப்பப் போய்ச் சேர? கங்காணி திருப்பி அனுப்பிருவாரு. ஏரோப்பிளேன் சோலி பாத்ததுல ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

“அக்கா, இது கழண்டா வண்டி திரும்பாது. அம்புட்டுப் பேரும் பள்ளத்துல.”

“இன்னைக்கிச் சம்பளம் போனா ஒலைக்கு என்னத்தப் போட?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்ன ஆனாலும் இந்த ஜீப்பு நகராது என்று கத்தினேன். நகரவும் இல்லை. டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அப்போது தேவாரம் பக்கமிருந்து இன்னொரு ஜீப்பு வந்தது. ஏற்கெனவே ஆட்கள் நிறைந்த ஜீப்பு. அக்காதான் முதலில் கை காட்டினாள். தூக்குச்சட்டியை உள்ளே கொடுத்துவிட்டு, அவளும் மற்றவர்களும் ஒருவர் மடியில் ஒருவராக ஏறிக்கொண்டார்கள். இடம் கிடைக்காத இரண்டு பேர் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். நான் கூப்பிட்டதற்கு அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஜீப்பு மலைப்பக்கம் போய்விட்டது. அதன் அடியில் என்ன மாட்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது.