கராஜில் ஓடிய ரஷ்யப் படம்

தொண்ணூறுகளில் ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மாஸ்கோவில் படித்த யாழ்ப்பாணத்துக்காரர். ஒட்டடைக்குச்சி போல ஒல்லி, சிரிக்கவே தெரியாத முகம். சனிக்கிழமை மதியங்களில் கராஜில் ரஷ்ய நகைச்சுவைப் படக் கேசட்டைப் போட்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்தபடியே எங்களுக்கு வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். கதாநாயகி, மாமியார், போலீஸ்காரன் எல்லோருக்கும் ஒரே குரல்தான். அதுவும் ரயில் நிலைய அறிவிப்புக் குரல். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அதுவரை எட்டிப் பார்க்காத எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரை ஒருநாள் அவரே அழைத்து வந்து முன்னால் உட்கார வைத்தார். படத்தில் ஒரு குடியிருப்புக் கமிட்டித் தலைவர் மேசையைத் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் அசையாமல் தமிழில் சொன்னார்: “இது நாங்கள் எல்லாரும் சேந்து எடுத்த முடிவு. என்ன முடிவெண்டு உங்களுக்குப் பிறகு அறிவிப்பம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதக் கூட்டத்தில் எங்கள் தலைவர் பேசிய அதே வசனம்! கராஜில் எல்லோரும் தலைவரையே பார்த்தோம். தலைவர் மட்டும் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “இப்பிடியும் மனுசர் இருக்கினமே!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரரை வாசலில் மடக்கினேன். “அண்ணே, அது நீங்களா சேத்ததுதானே?”

“நான் ஒண்டும் சேர்க்கேல்லைத் தம்பி,” என்றார், விதைத் தோலைத் துப்பியபடி. நான் நம்பவில்லை.

பல வருடங்கள் கழித்து அதே படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தேன். அந்த வசனம் அப்படியே இருந்தது. அவர் சேர்த்தது தலைவரை மட்டும்தான்.