சிலிண்டர் வண்டியில் மாகறல் வரை வந்த போர்

உலகத்தில் எந்த மூலையில் குண்டு விழுந்தாலும், அதற்கான திட்டு கேஸ் சிலிண்டர் போடுகிறவன் தலையில்தான் விழும். உத்திரமேரூரில் ஒரு ஏஜென்சியில் பதினான்கு வருடமாக லோடு ஆட்டோ ஓட்டி, சிலிண்டர் இறக்கி, காலியை ஏற்றி, அந்தத் திட்டையெல்லாம் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். என் பெயர் எந்த ஊரிலும் யாருக்கும் தெரியாது. ஆரன் சத்தம் கேட்டால் "கேஸு வந்துடுச்சி" என்பார்கள். அந்தக் கேஸு நான்தான். ரேஷன் கடையில் எடை போடுகிறவர்கள், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர்கள், டவுன் பஸ் கண்டக்டர்கள் என்று, எங்கோ ஒருவர் எடுத்த முடிவுக்குத் தெருவில் நின்று பதில் சொல்லும் அத்தனை பேரும் எனக்குப் பங்காளிகள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாம் வாங்கியதை மட்டும் சொல்லிப் புலம்பப் போவதில்லை, ஜெயித்ததையும் சொல்லப் போகிறேன்.

ராணியம்மாவின் தேர்தல் கணக்கு

சாலவாக்கத்தில் ராணியம்மா என்று ஒருவர். இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். அவர் வீட்டில் டிவி கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது, சரி பண்ணவே இல்லை. ஆனால் தேர்தல் எப்போது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். சிலிண்டர் விலை இறங்கியிருக்கிறது என்று நான் சொன்னால் போதும், "எந்த மாசம் எலெக்சன்?" என்று கேட்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

என்னைக் கேட்டால், நம் தலைவர்களுக்கு அடுப்படி மேல் வரும் பாசம், தேதி அறிவித்ததும் தொடங்கி நகத்து மை அழிவதற்குள் முடிந்துவிடுகிறது. இதில் இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று வித்தியாசம் பார்த்தவன் நான் இல்லை. இந்த முறைதான் கணக்குக் குழம்பிவிட்டது. தேர்தலும் வந்தது, வளைகுடாப் பக்கம் போரும் வந்தது. கப்பல் வரும் கடல் வழி அடைபட்டுவிட்டதாம். இறங்க வேண்டிய விலை ஏறியது. ராணியம்மாவுக்குப் போரின் மேல் கோபமே அதனால்தான். பழைய விலையைக் கொடுத்துவிட்டு மீதியை முந்தானையில் தேடிக்கொண்டே சொன்னார்:

"வருசா வருசம் எலெக்சன் வெச்சாத்தான் இன்னா? பட்டன் அமுக்கறதுக்கு எனக்கு இன்னா, கையா வலிக்கப் போவுது?"

கண்டக்டர் வீட்டு வாசலில் ஒரு கடல்

திருப்புலிவனத்தில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். பஸ்ஸில் இருந்த காலத்தில் "உள்ள போ, உள்ள போ" என்று தள்ளியவர், இப்போது சிலிண்டரோடு வருகிறவனை உள்ளே விடுவதில்லை. வாசலில் நிறுத்திப் போரை விளக்குவார். முழுச் சிலிண்டர் கிட்டத்தட்ட முப்பது கிலோ. அது என் தோளில் இருக்கிறது. அவர் குனிந்து, கால்மிதியை இழுத்துப் போட்டு, இதுதான் கடல் என்றார். தன் செருப்பு இரண்டையும் இரண்டு பக்கம் வைத்து, இவை இரண்டும் சண்டை போடும் நாடுகள் என்றார். நான் கடலின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

இடது செருப்பு எத்தனை ஏவுகணை விட்டது, வலது செருப்பு எதை வைத்துத் தடுத்தது என்று விக்கெட் விழுந்ததைச் சொல்கிற மாதிரி சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. அந்த ஊர்களில் வெல்டிங் அடிப்பதும் குழாய் பொருத்துவதும் நம் ஊர்ப் பிள்ளைகள். செருப்பு நகர்த்துகிறவருக்கு அது தெரிய வேண்டாமா. சிலிண்டரைத் திண்டில் இறக்கிவிட்டு, சாருக்கு இந்த முறை ஓட்டு எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று கேட்டேன். யோசித்தார். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றேன். அதையும் யோசித்தார். இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கும் கடலின் ஆழம் தெரிந்தவருக்கு, எதிர்ச் சந்தில் இருக்கும் வாக்குச்சாவடி தெரியவில்லை. உள்ளே இருந்து அவர் சம்சாரம் வந்து கால்மிதியை எடுத்து உதறிப் போட்டார்.

"அவனுங்க ரெண்டு பேரும் சமாதானமா பூட்டாகூட இவரு வுட மாட்டாரு. நீ உள்ள வந்து மாட்டிட்டுப் போ நைனா."

கேட்டில் தூங்கிய போன்கள்

வெளி ஆட்களுக்கு எங்கள் தொழிலில் தெரியாத ஒரு சங்கடம், அந்த நான்கு இலக்க எண். பதிவு செய்த போனுக்கு ஒரு எண் வரும். அதைச் சொன்னால்தான் சிலிண்டரைக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஒருவர் சிலிண்டரை இன்னொருவர் தூக்க முடியாது. ஆனால் மானாம்பதிப் பக்கம் ஒரு தெருவில், போன் நம்பர் கேட்டபோது எல்லா வீட்டிலும் வீட்டு ஆண்பிள்ளை நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்பிள்ளைகள் எல்லாம் ஒரகடம் பக்கம் கம்பெனியில். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

"நாளையிலிருந்து கேஸ் கிடையாது" என்று யாரோ பேசிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று ஊரெல்லாம் சுற்றியது. தெருவே ஒரே நாளில் புக் பண்ணிவிட்டது. நான் லோடோடு போய் நிற்கிறேன். பெண்கள் காலிச் சிலிண்டரோடு வரிசையில் நிற்கிறார்கள். எண்கள் எல்லாம் கம்பெனி கேட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் தூங்குகின்றன. பேஜாராகிவிட்டது. திரும்பிப் போனால் அடுத்த லோடு எப்போது என்று எனக்கே தெரியாது.

அந்தத் தெருப் பெண்கள்தான் வழி சொன்னார்கள். காலை ஷிப்ட் முடிந்து வரும் பஸ் மூன்றரைக்கு மெயின் ரோட்டில் நிற்கும், போனும் அவரவர் கையில் இருக்கும், அதற்குள் பக்கத்து ஊரை முடித்துவிட்டு வா என்றார்கள். முடித்துவிட்டு வந்தேன். பஸ் நின்றது. இறங்கினால் கூட்டத்தில் குழம்பிவிடும் என்று பெண்கள் ஒருத்தரையும் இறங்க விடவில்லை. பெண்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று அவரவர் பிள்ளை பெயரைக் கூப்பிட, ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீட்டி எண் சொல்ல, நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒன்றுகூடத் தப்பாகப் போகவில்லை. பத்து நிமிடத்தில் தெரு முழுக்க எண் போட்டு முடித்தாயிற்று. பஸ் டிரைவர் மட்டும் ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"ஓட்டு எண்ற அன்னிக்கிகூட இத்தினி நம்பர் காதுல வுழுந்ததில்லபா. வழிய வுடு, வண்டி எடுக்கணும்."

ஒன்றியம் கேட்ட சிலிண்டர்

மாகறலில் ஒரு கட்சிப் பிரமுகர். அவர் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், பதவியைச் சொல்லி 'ஒன்றியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியிலும் ஒரு ஒன்றியம் உண்டு. அன்று வேட்பாளர் வருகிறார், பந்தி போட வேண்டும், மூன்று சிலிண்டர் இறக்கு என்றார். புக்கிங் வரிசைப்படிதான் கொடுக்க முடியும், அதுவும் வீட்டுச் சிலிண்டர் பந்திக்கு எரியக் கூடாது என்றேன். சரி சரி என்று சிரித்துக்கொண்டு வண்டியைப் பின்தொடர்ந்தார்.

காலனியில் நான் சத்தமாகப் பெயர் வாசித்துத்தான் கொடுப்பேன். தட்டுப்பாட்டுக் காலத்தில் அதுதான் எனக்குப் பாதுகாப்பு. எல்லாம் இறங்கி, கடைசியாக ஒன்று நின்றது. அது நடவு வேலைக்குப் போகும் அஞ்சலையக்கா வீட்டுச் சிலிண்டர். மகள் செல்விக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். மழையில் நனைந்த விறகை ஊதி ஊதி, வெந்நீர் வைப்பதற்குள் வீடே புகையாகி, பச்சைப்பிள்ளை இருமுகிறது. ஆனால் இணைப்பு செல்வி பெயரில், அதில் இருப்பது மருமகன் சாமுவேல் நம்பர். சாமுவேல் வளைகுடாவில் வெல்டர். போர் தொடங்கியதிலிருந்து அவன் போன் எடுக்கவில்லை. எண் அவன் போனுக்குப் போய்க் கிடக்கிறது. அவன் எங்கே கிடக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை.

எண் இல்லாத சிலிண்டர் எப்படியும் திரும்பத்தானே போகிறது, அதை என்னிடம் கொடு என்றார் ஒன்றியம். காலையில் மைக்கைப் பிடித்து, ஆயிரம் வருடம் முன்பே தேர்தலுக்கு விதி எழுதிக் கல்லில் வெட்டிய மண் இது என்று பேசியவர் இவர்தான். உத்திரமேரூர்ப் பக்கம் வந்து அதைப் பேசாத பேச்சாளர் கிடையாது. அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவரையும் நான் பார்த்ததில்லை. முடியாது என்றேன். உங்கள் முதலாளிக்கு ஒரு போன் போட்டால் நாளைக்கு இந்த வண்டியில் வேறு டிரைவர் என்றார். என் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனாலும் பட்டியலை எடுத்து அஞ்சலையக்கா வீட்டுப் பெயரை இன்னொரு தடவை, முதலில் வாசித்ததைவிடச் சத்தமாக வாசித்தேன். அஞ்சலையக்கா வந்து சிலிண்டர் மேல் கை வைத்து ஒன்றியத்தைப் பார்த்தார்.

"வாசிச்ச பேரு எங்க வூட்டுப் பேரு. நம்பர எம் மருமவன் சொல்லணும், நீ இல்ல."

மாற்ற மறுத்த நம்பர்

ஒன்றியம் போன் போட்டிருந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, எண் இல்லாமல் யாருக்கும் கொடுக்காதே, மூன்று நாள் வைத்திரு, அதற்கு மேல் அந்த புக்கிங் ரத்து என்றார். ரத்தானால் மறுபடி வரிசையின் கடைசி. நான் சாக்பீஸால் அந்தச் சிலிண்டரில் 'அஞ்சலை' என்று எழுதி, கோடவுனில் தனியாக நிறுத்தினேன்.

வழி இருந்தது. செல்வியின் ஆதாரைக் கொண்டுவந்து கொடுத்தால், அஞ்சலையக்கா நம்பருக்கு மாற்றிவிடலாம், அரை மணி நேர வேலை. மறுநாள் மாகறல் வழியாகப் போகும்போது நானே ஃபாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். கையெழுத்துப் போட்டால் நாளைக்கே சிலிண்டர் என்று சொன்னேன். அஞ்சலையக்கா ஃபாரத்தைப் பார்த்தார். அதில் 'பழைய எண்' என்ற கட்டத்தில் நான் சாமுவேல் நம்பரை எழுதியிருந்தேன். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் செய்தது உதவி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது.

"வேணா தம்பி. மாத்துனா, அவன் இல்லன்னு நானே எழுதிக் குடுத்த மாரி ஆயிடும். நா ஈர வெறவே ஊதிக்கறேன்."

மூன்றாம் நாள்

அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு ஊரிலும் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் என் போனில் 'மீண்டும் அனுப்பு' என்பதை அமுக்கிக்கொண்டே இருந்தேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை. மூன்றாம் நாள் காலை சிலிண்டரை ஏற்றிக்கொண்டு மாகறல் போனேன். எண் இல்லாமல் எதற்குப் போகிறாய் என்று முதலாளி கேட்டார். வண்டியை எடுத்தேன். பிரசார வேன் ஒன்று தெருமுனையில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்றியமும் நின்றிருந்தார். இன்றைக்கு ரத்தாகப் போவது அவருக்கும் தெரியும்.

நான் வண்டியை நிறுத்தி இன்னொரு தடவை அமுக்கினேன். அரை மணி நேரம் நின்றேன். கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பியபோது செல்வியின் போன் அடித்தது. செல்வி எடுத்தாள், காதில் வைத்தாள், சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அஞ்சலையக்கா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். சாமுவேல்தான். கேம்ப்பைக் காலி பண்ணி வேறு ஊருக்குக் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்களாம். கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. இப்போதுதான் சார்ஜ் ஏறியதாம். "கேஸ் ஆபீஸ்லேர்ந்து மெசேஜா கொட்டிக் கீது. இன்னா, வூட்ல சோறு ஆக்கலியா?" என்று கேட்டான்.

தெருவே சிரித்தது, தெருவே அழுதது. வேன்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். நான் கத்தினேன், கடைசியாக வந்த நம்பரைச் சொல் தம்பி என்று. ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒவ்வொன்றாகத் தட்டினேன். பச்சை டிக் விழுந்தது. எனக்குக் கண் மறைத்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். காலனியில் சிலிண்டரை எப்போதும் விளிம்பில் உருட்டித்தான் கொண்டுபோவேன். அன்று தோளில் ஏற்றிக்கொண்டு, ஒன்றியத்தின் எதிரிலேயே, மெதுவாகத்தான் நடந்தேன். வாஷர் பார்த்து, சோப்பு நுரை தடவி, அடுப்பைப் பற்றவைத்தேன். வெந்நீர்ப் பாத்திரம் ஏறியது. செல்வி வீடியோ காலுக்கு மாற்றி, பிள்ளையைப் போன் பக்கம் காட்டினாள். பிறகு அஞ்சலையக்கா போனை வாங்கி அடுப்பின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"பாத்துக்கோ சாமு. நீ சொன்ன நம்பர்லதான் எரியுது."

குண்டு போட்டவர்களும் ஜெயித்தோம் என்கிறார்கள், வாங்கியவர்களும் ஜெயித்தோம் என்கிறார்கள், தேர்தலில் டெபாசிட் போனவர்கள்கூடத் தார்மிக வெற்றி என்கிறார்கள், ஆனால் அந்த வருடம் வெந்நீர் கொதிக்க வைத்துக் காட்டி ஜெயித்தவர் எனக்குத் தெரிந்து மாகறல் அஞ்சலையக்கா ஒருவர்தான்.