வர்றேன் என்று சொல்லிவிட்டான்

கதைதானே என்று இதைப் படிக்க வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது வைரவனுக்கு நடந்தது. சவூதியில், அல் கோபாரில் என் பக்கத்துக் கட்டில்காரன், காளையார்கோவில் பக்கத்து ஆள். லீவு கேட்பதற்குக்கூட ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொள்வான். ஒரு பேயைக் கற்பனை செய்யும் சாமர்த்தியமெல்லாம் அவனுக்குக் கிடையாது. இதன் கடைசிப் பகுதியை நானே கண்ணால் பார்த்தேன்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரூமை விட்டுக் கிளம்பும்போது மூஞ்சியில் அடித்த மாதிரி "போறேன்" என்பான். "வர்றேன்னு சொல்லுடா, அபசகுனமா பேசாத" என்று நாங்கள் திட்டுவோம். சிரிக்கவும் மாட்டான், மாற்றிக்கொள்ளவும் மாட்டான். ஒருநாள் நான் விடாமல் கேட்டபோதுதான் சொன்னான்.

அப்போது அவன் துபாயில், அல் கூஸில் ஒரு ஏசி பார்ட்ஸ் குடோனில் ஹெல்பர். பெருநாளுக்கு முந்தைய நாள். மதியம் ஷட்டரை இறக்கினால் விடுமுறை முடிந்துதான் தூக்குவார்கள். அன்று ராத்திரி அவனுக்கு மதுரை ஃப்ளைட். அவன் துபாய்க்கு வந்த பிறகு பிறந்த மகள் நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டுவிட்டாள். அப்பா என்றால் அவளுக்கு ஒரு போன். அந்தப் பிள்ளையை முதல்முறையாகத் தூக்கப்போகிறோம் என்ற நினைப்பில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சாமான் எல்லாம் வாங்கியாயிற்று. கட்டுவதற்கு நல்ல அட்டைப்பெட்டிதான் அமையவில்லை. குடோனின் பின்பக்கம் இரும்பு ஏணி ஏறினால், தகரக் கூரைக்குக் கீழே ஒரு பரண். பழைய பெட்டிகள் அங்கே கிடந்தன. யாரும் அங்கே ஏறுவதில்லை. ஏன் என்று வைரவன் கேட்டதும் இல்லை.

ஏறினான். கல் மாதிரி ஒரு பெட்டி கிடைத்தது. தூக்கி ஆட்டிப் பார்த்தான், காலி. பக்கவாட்டில் மார்க்கரில் "ஜெயமணி, பரமக்குடி" என்று எழுதியிருந்தது. ஆட்கள் தங்கும் கேம்பில் இது வழக்கம்தான். நல்ல பெட்டி கண்ணில் பட்டால் உடனே பெயரை எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்தவன் தூக்கிவிடுவான். எவனோ எழுதிவிட்டு மறந்துபோயிருக்கிறான் என்று நினைத்தான் வைரவன். ஜெயமணியை அடித்துவிட்டு, கீழே "வைரவன், காளையார்கோவில்" என்று பெரிதாக எழுதினான்.

கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது... கடகடவென்று ஷட்டர் இறங்கியது.

கத்திக்கொண்டே இறங்கி ஓடினான். அதற்குள் மெயினையும் அணைத்துவிட்டார்கள். கும்மிருட்டு. தகரத்தைக் கை வலிக்கத் தட்டினான். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. வெயிலில் கூரை காய்ந்து உள்ளே அடுப்பாகக் கொதித்தது. விடுமுறை முடியும்வரை இதற்குள் இருந்தால் என்ன ஆவான் என்று அவனுக்குத் தெரியும்.

சிக்னல் பரணில் மட்டும்தான் கிடைத்தது. மறுபடி ஏறி, ஸ்டோர் கீப்பர் சாதிக் பாட்ஷாவுக்குப் போன் போட்டான். துபாயில் எல்லா ஆப்பிலும் கால் போகாது. கம்பெனி ஆட்கள் ஒரு ஆப் வைத்திருந்தார்கள். அதில் பேசியது, அனுப்பியது எல்லாம் தானாகவே அழிந்துவிடும். பாய் அபுதாபி ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுப் பதறிவிட்டார். பக்கக் கதவில் போனிலேயே திறக்கிற பூட்டு ஒன்று உண்டு, வைரவன் அட்டெண்டன்ஸ் போடும் ஆப்பிலேயே அது இருக்கிறது என்றார். அவனுக்கு அதில் அட்டெண்டன்ஸைத் தவிர எதுவும் தெரியாது. எல்லாம் இங்கிலீஷ்.

"வைரவா, பயப்படாதே. ஸ்கிரீன் ஷேர் போடு. நான் பார்த்து எதைத் தொடணும்னு சொல்றேன்."

கட் ஆகிவிட்டது.

திரும்பப் போட்டான். முதல் ரிங்கிலேயே எடுத்தாயிற்று.

"ஸ்கிரீனைப் போடு."

லைன் சரியில்லை, குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. ஷேர் போட்டான். ஸ்கிரீனில் மகள் படம், பல் முளைத்த சிரிப்பு.

"தெரியுதா பாய்?"

"தெரியுது... மகளா?"

பாய்க்கு அந்தப் படத்தைக் காட்டாத நாளே கிடையாது. டென்ஷனில் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"ஆமா பாய். கதவுக்கு எங்க போகணும்?"

"இன்னொரு படம் காமி தம்பி."

தம்பி.

பாய் அவனை ஒருநாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

ஆனாலும் காட்டினான். கதவைத் திறக்கும் வழி அந்தக் குரலிடம்தானே இருந்தது. மகள். மனைவி உமாராணி. வீட்டு வாசல்.

"கண்மாய் இருக்கா?"

காட்டினான்.

"தண்ணி கெடக்கே..." குரல் இழுத்தது. "இன்னும் காமி."

சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. போனில் அனல். ஷேரை நிறுத்தும் பட்டனை அழுத்தினான். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான்.

"நிறுத்தாத."

இந்தமுறை அது போனில் கேட்டது.

கொஞ்சம் தாமதமாக... முதுகுக்குப் பின்னாலும் கேட்டது.

வைரவன் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே யார் இருந்தாலும் பார்த்துவிடுவோமே என்ற பயம். பின்னால் அந்தப் பெட்டி தரையில் நகரும் சத்தம்.

சர்ர்ர்...

நின்றது.

சர்ர்ர்...

அவன் அழுதுவிட்டான்.

"அண்ணே... ராத்திரி எனக்கு ஃப்ளைட்டுண்ணே. பிள்ளைய நான் இன்னும் தொட்டதுகூட இல்லண்ணே. விட்டுருங்க."



மூச்சுச் சத்தம் மட்டும்.

"அந்த நீலக் கட்டத்தைத் தொடு... கீழ போ... கடைசிக் கதவு. அதை அமுக்கு."

அமுக்கினான். கீழே இருட்டில் 'டிக்' என்றது. தரையில் கோடாக வெளிச்சம் விழுந்தது.

"ஓடு. பெட்டி இங்கயே இருக்கட்டும்."

ஏணிக்குப் பாய்ந்தான். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். அந்த அவசரத்திலும், பெரியவர்களிடம் விடைபெறும் பழக்கம் நாக்கில் இருந்தது. நம் ஊர்க்காரன் உயிர் போகிற அவசரத்தில்கூடப் போறேன் என்று சொல்லமாட்டானே.

"சரிண்ணே... வர்றேன்."



"வா," என்றது குரல். "பார்த்துக்கிட்டே இருக்கேன்."

வெளியே வெயிலில் விழுந்து கிடந்தவனைப் பாய் வந்துதான் தூக்கினார். முதல் கால் கட் ஆனதுமே வண்டியைத் திருப்பிவிட்டாராம். அதற்குப் பிறகு அவருக்குக் காலே வரவில்லை. இவர் போட்டபோதெல்லாம் வைரவன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகவே காட்டியது. போனைத் திறந்து பார்த்தால் எதுவும் இல்லை. எல்லாம் அழிந்திருந்தது.

பரணுக்குப் போனாயா என்றுதான் பாய் முதலில் கேட்டார். ஆமாம் என்றதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வைரவன் சேருவதற்கு முன்னால், ஜெயமணி என்று ஒரு ஹெல்பர். அவருக்கும் பெருநாள் லீவுக்கு டிக்கெட் ஆகியிருந்தது. அவரும் பெட்டி எடுக்கத்தான் மேலே ஏறினார். தெரியாமல் பூட்டிவிட்டார்கள். விடுமுறை முடிந்து திறந்தபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தாராம், கையில் சார்ஜ் செத்த போனோடு. மேலே ஏறுமுன் கடைசியாக வீட்டுக்குப் பேசும்போது வர்றேன் என்று சொல்லித்தான் வைத்திருக்கிறார். அந்தச் சாவுக்குப் பிறகுதான் பக்கக் கதவுக்கு அந்தப் பூட்டே போட்டார்கள்.

வைரவன் அன்று ராத்திரியே ஃப்ளைட் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தான். மகளைத் தூக்கினான். துபாய்க்குத் திரும்பவில்லை. வேறு விசாவில் சவூதிக்கு வந்தான். புது நம்பர், புதுப் போன். போன வருஷம் பாய் ஒரு நல்ல செய்தி சொன்னார். குடோனைக் காலி செய்து, பரணை அறுத்து, பெட்டிகளையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டார்களாம். அன்றுதான் வைரவன் நிம்மதியாகத் தூங்கினான்.

இந்த வருஷம், பெருநாளுக்கு முந்தைய நாள் மதியம். ரூமில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். அவன் போன் அடித்தது. பெயர் இல்லை, நம்பரும் இல்லை. அவன் தொடவேயில்லை. தானாகவே எடுத்துக்கொண்டது.

'ஒருவர் தன் ஸ்கிரீனை உங்களுடன் ஷேர் செய்கிறார்.'

இருட்டு... மேலே தகரம்... பரண்.

நடுவில் ஒரு அட்டைப்பெட்டி. ஜெயமணி என்ற பெயரை அடித்து, கீழே வைரவனின் கையெழுத்து. நான்கு பக்கமும் புதுக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

வைரவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி... பெட்டி கட்டியாச்சு. வர்றேன்னியே... எப்ப வர்ற?"