வலேரிக்கு வைத்த மிளகுத்தண்ணிச் சோறு

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த எஞ்சின் டிரைவர் சவரிமுத்துவுக்குப் பிள்ளைகள் ஐந்து. இன்றைக்கு மிச்சம் இரண்டு. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிற இக்னேஷியஸ் ஒருவன். மற்றவள் அவனுடைய அக்கா, சாலாக் செலாத்தானில் இருக்கும் சாந்தமேரி. சாந்தமேரிக்குப் பிள்ளை குட்டி இல்லை. தம்பி மகள் வலேரிதான் அவளுக்கு எல்லாம். அந்த வலேரி பைலட் படிப்பு முடித்து, இரண்டாம் பைலட்டாக முதன்முதலில் ஆள்களை ஏற்றிக்கொண்டு கோத்தா கினபாலு போகப்போகிறாள், வியாழக்கிழமை காலையில்.

சவரிமுத்து வண்டி எடுக்கப் போகுமுன் மிளகுத்தண்ணிச் சோறும் அவித்த முட்டையும்தான் சாப்பிடுவார். வயிறு கனக்காது, கண் சொக்காது. ஒரே ஒரு நாள், பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று ரொட்டியைக் கடித்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பார்த்துத்தானா தஞ்சோங் மாலிம் ஸ்டேஷன் தாண்டி எருமை குறுக்கே வரவேண்டும்! எருமை செத்தது, எஞ்சின் மூக்கு நசுங்கியது. அதிலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் எந்த வண்டியை முதல் நாள் எடுத்தாலும் மிளகுத்தண்ணி உள்ளே போயாக வேண்டும். இக்னேஷியஸும் குடித்துவிட்டுத்தான் லோரி ஏறினான்.

வலேரியோ, விமான நிலையத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சாந்தமேரி போன் போட்டாள்.

"காலையில கொண்டாந்து குடுக்கிறேன்மா. ரெண்டு வாய் போதும்."

"வேணாம் அத்தை. வெளிச் சாப்பாடு சாப்பிட்டு வயிறு கெட்டுச்சுன்னா முதல் நாளே என் பேரு நாறிடும்லா. கம்பெனி குடுக்கிறதுதான் சாப்பிடுவேன்."

"என் சமையல் வெளிச் சாப்பாடா உனக்கு?"

"இன்னொன்னு அத்தை. நீங்க அங்க கிச்சன்ல இருக்கீங்கன்னு எனக்காக எதுவும் பண்ணிடாதீங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

அங்கேதான் விஷயம். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு பெரிய கிச்சனில் சாந்தமேரிக்குப் பத்தொன்பது வருஷ வேலை. பைலட்டுகளுக்கான தட்டுகள் அவள் கையில்தான். நீல ஸ்டிக்கர் ஒட்டினால் கேப்டன் தட்டு, மஞ்சள் ஒட்டினால் சின்ன பைலட் தட்டு. அங்குள்ள பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டிலும் ஒரே சாப்பாடு இருக்கவே கூடாது. சாப்பாடு கெட்டிருந்தாலும் ஒருத்தருக்குத்தான் வயிறு போகும், மற்றவர் ஓட்டுவார். ஒருமுறை கூட வேலை செய்யும் தனலெட்சுமி தவறிப்போய் இரண்டிலும் மீன் வைத்தபோது, அவள் அழும்வரை விடவில்லை சாந்தமேரி.

வலேரி வேண்டாம் என்றால் விடுவாளா? தலைமைச் சமையல்காரன் லியோனல் முன்னால் போய் நின்றாள்.

"வியாழக்கிழமை மஞ்சள் தட்டுல மிளகுத்தண்ணிச் சோறும் முட்டையும் வைக்கலாமா?"

"பைலட் தட்டுல தண்ணியா? சிந்துச்சுன்னா பட்டன் எல்லாம் போச்சு ஆன்டி."

"ராக்கெட்ல போறவங்களுக்கு மாட்டுக்கறியும் முட்டையும் குடுத்து அனுப்புறது வழக்கம்னு நீதானே சொன்ன? அவங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கலாம், என் மருமகளுக்கு இருக்கக்கூடாதா?"

லியோனல் தலையைச் சொறிந்தான். "தண்ணியில்லாம செஞ்சு காட்டுங்க, பார்ப்போம்."

மூன்று நாள் மல்லுக்கட்டினாள். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, புளித்தண்ணியைச் சுண்டச் சுண்டக் காய்ச்சிச் சோற்றில் பிசைந்தாள். முதல் நாள் கசந்தது. இரண்டாம் நாள் களியானது. மூன்றாம் நாள் லியோனல் ஒரு கரண்டி வாயில் போட்டு, இன்னொரு கரண்டி எடுத்தான். பட்டியலில் ஏறியது.

வியாழக்கிழமை காலையில் நீலத்தில் பாஸ்தா, மஞ்சளில் மிளகுத்தண்ணிச் சோறு. மஞ்சள் மூடிமேல் விரலால் சின்னதாய் ஒரு சிலுவை வரைந்து அனுப்பினாள். ஆள்கள் ஏறுமுன்னே பைலட்டுகள் சாப்பிட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் விமானம் திரும்பியதும், வேலையைப் போட்டுவிட்டுத் தட்டு கழுவும் இடத்துக்கு ஓடினாள். மஞ்சள் தட்டில் ஒரு பருக்கை இல்லை. நீலத்தில் பாஸ்தா பாதி அப்படியே கிடந்தது. "பார்த்தியாடி, வழிச்சுத் துடைச்சிருக்கா!" என்று தனலெட்சுமியிடம் காட்டினாள். இக்னேஷியஸுக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

சாயங்காலம் வலேரி கூப்பிட்டாள். "நல்லா ஓட்டினேன் அத்தை. எருமை எதுவும் வரல."

"சாப்பிட்டியா?"

"பாஸ்தா. பதற்றத்துல பாதிதான் இறங்குச்சு. கேப்டன் ஏதோ ரசம் சோறு மாதிரி ஒண்ணு எடுத்துக்கிட்டாரு. தட்டையே தின்னுடுவாரு போல!"

"மஞ்சள் உன்னோடதாச்சே!"

"ஸ்டிக்கர் ரெண்டும் வேற வேற சாப்பாடுன்னு காட்டத்தான் அத்தை. எது வேணும்னு கேப்டன்தான் முதல்ல எடுப்பாரு. மிச்சம் எனக்கு."

பத்தொன்பது வருஷம்! எத்தனை ஆயிரம் தட்டு! யார் எதைத் தின்றார்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாளா? சாந்தமேரிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. தன் கைவேலை என்று சொல்லவும் வழியில்லை. வேண்டாம் என்றவளிடம் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் லியோனல் பல்லெல்லாம் தெரிய வந்தான். "ஆன்டி, அந்தக் கேப்டன் எழுதிப் போட்டிருக்காரு. இனி எல்லா வியாழக்கிழமையும் உங்க சோறு."

"அப்படின்னா ரெண்டு தட்டுலயும் வை."

"ரெண்டுலயுமா? நீங்களா ஆன்டி கேக்குறீங்க?"

பின்னால் நின்ற தனலெட்சுமி களுக்கென்று சிரித்தாள்.

அடுத்த வியாழக்கிழமையும் வலேரிக்கு அதே விமானம். ஒரு வாரம் யோசித்தாள் சாந்தமேரி. மிளகை அள்ளிக் கொட்டி அந்தக் கேப்டனை ஓட வைக்கலாம்; ஆனால் சோற்றைக் கெடுக்கக் கை வரவில்லை. கடைசியில் புதன்கிழமை லியோனலைப் பிடித்தாள்.

"அந்தப் பாஸ்தாவைத் தூக்கிப் போடு. கோழி ரெண்டாங் வை. தேங்காய்ப்பால்ல கறி நல்லா சுண்டி, வாசனை மூக்கைப் பிடிச்சு இழுக்கணும்."

ரெண்டாங்கைக் கண்ட கேப்டன் சோற்றைத் தொடுவானா? லியோனல் செய்த ரெண்டாங் கிச்சனையே மயக்கியது. சாந்தமேரி அதை நீலத்தில் வைத்தாள், மஞ்சளுக்குச் சிலுவை போட்டாள். மத்தியானம் தட்டு பார்க்கப் போகவில்லை. இந்த முறை தட்டை நம்பத் தயாரில்லை. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை! இன்னைக்கு வேற கேப்டன். ரொம்ப நல்ல மனுஷன். 'நீ சின்னப் பிள்ளை, நீயே முதல்ல எடு'ன்னுட்டாரு!"

"நீ எதைம்மா எடுத்த?"

"ரெண்டாங்! அந்த வாசனைக்கு வேற எதை எடுப்பேன்? நீங்க செஞ்சதா அத்தை?"

"இல்ல. லியோனல் செஞ்சான்" என்று சொல்லிப் போனை வைத்தாள் சாந்தமேரி.