முடியக்கூடாத இலத்தீன் வகுப்பு

எங்கள் ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் கோவிலில் குருமார் தங்கும் அறைவீட்டில் வயோதிபச் சுவாமியார் ஒருவர் ஓய்வாகத் தங்கியிருந்தார். அவரை யாழ்ப்பாணத்து முதியோர் இல்லத்துக்கு மாற்றப் போவதாக ஆயர் இல்லத்தில் சொன்னார்கள். அவருக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை என்பது காரணம். கடல் தெரியாத இடத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்காது என்பதைக் காரணமாக யாரும் ஏற்கமாட்டார்கள்.

நான் அரச அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இடமாற்றத்தை நிறுத்த அழுது பயனில்லை. சேவையின் தேவை என்று ஒன்றைக் காட்டவேண்டும். சுவாமியார் எனக்கு இலத்தீன் படிப்பிக்கிறார் என்று அறிவித்தேன். பாடம் முடியும்வரை அவர் இருக்கலாம் என்று பதில் வந்தது. அதனால் நான் உண்மையாகவே படிக்க நேர்ந்தது.

தமிழில் வேற்றுமை எட்டு, இலத்தீனில் ஆறு. சலுகை என்று நினைத்தேன். ஆனால் பெயர்ச்சொற்கள் அங்கே ஐந்து வகை. வகைக்கு வகை விகுதி வேறு, பன்மைக்கு அதுவும் வேறு. சுற்றறிக்கையையும் அதன் திருத்தங்களையும் ஒரே நாளில் வெளியிட்டதுபோல இருந்தது. முதற்சொல் மென்சா. போர்த்துக்கேயர் வழியாக வந்த நம்முடைய மேசைதான். தெரிந்த ஆள் என்று நம்பிப் போனால் மென்சாம், மென்சே என்று முகத்தை மாற்றிக்கொண்டது.

காலைப் பூசை முடிந்ததும் விறாந்தையில் ஒப்புவிப்பேன். சுவாமியார் கண்ணை மூடிக் கதிரைக் கையில் தாளம் போடுவார்.

"ஐயா, இந்த வயதிலை என்ன சோதினை எடுக்கப் போறியள்?" என்று குசினிக்குள்ளிருந்து சமையல்கார அக்கா கேட்பார்.

"எடுக்காமல் இருக்கத்தான் படிக்கிறன்."

ஒரு மாரிக்குள் ஐந்து வகையும் பாடமாகிவிட்டன. பாடம் முடிந்தால் சுவாமியாரும் போகவேண்டும். ஆகவே மூன்றாம் வகையில் பிழைவிடத் தொடங்கினேன்.

அடுத்த மாரியில் ஆயர் இல்லத்து இளம் குருவானவர் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"ஐயா, எதுவரைக்கும் படிச்சிட்டியள்?"

"மூண்டாம் வகை, ஃபாதர்."

"போன வருசமும் அங்கைதானே நிண்டனீங்கள்? ஒருக்கால் சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னேன். பிழைகள் தாராளமாக வந்தன. இளையவர் பெரியவரைப் பார்த்தார்.

"இவருக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும்," என்றார் சுவாமியார். "இடையிலை விட்டிட்டு வர ஏலாது."

மோட்டார் சைக்கிள் வளைவைத் தாண்டிய சத்தம் அடங்கும்வரை சுவாமியார் மூடிய கண்ணைத் திறக்கவில்லை.

"நேற்று நாலாம் வேற்றுமையிலை பிழைவிட்டீர், இண்டைக்கு ரெண்டாம் வேற்றுமையிலை. பிழை விடுறதெண்டால் ஒரே இடத்திலை விடவேணும் காணும். அவங்களும் படிச்சவங்கள்."

"ஓம் சுவாமி."

"எங்கை, சொல்லும்."

அன்று முதல் பிழைகளையும் பாடமாக்கி ஒப்புவித்து வருகிறேன்.