வண்டி நம்பர் பார்க்கும் லவோன்

சாப்பாட்டுக்கடை வாசலில் வண்டி வந்து நின்றால் லவோன் ஆளைப் பார்ப்பதில்லை. காபிக் கெட்டிலும் கையுமாக ஜன்னல் வழியே நம்பர் பலகையைத்தான் பார்ப்பாள். வயோமிங்கில் பலகையின் முதல் எண்ணே எந்த மாவட்டத்து ஆள் என்று காட்டிக்கொடுத்துவிடும். பதினாலு என்றால் நம்மவர். இருபத்திரண்டு என்றால் பனிச்சறுக்கு மலையடியில் மாளிகை கட்டிக்கொண்ட கூட்டம். "பதினாலுக்கு லவங்கப்பட்டை ரொட்டி சூடா. இருபத்திரெண்டுக்கு நேத்து சுட்டதே போதும்" என்பாள், சிரிக்காமல்.

சந்தேகம் அவள் கூடப்பிறந்தது. டிவியில் வானிலை சொல்பவன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தால் போதும், "புளுகுறான்" என்று அணைத்துவிடுவாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் யாரையாவது நம்பித் தொலைக்க ஆசை. எதிர்ச்சாரியில், அவள் கணவன் மெர்ல் படுத்திருக்கும் முதியோர் இல்லத்தை மூடப் போகிறார்களாம். மூடினால் அவனை எங்கோ தூரத்து ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மெர்லுக்கு ஞாபகத்தில் மிச்சமிருப்பது இவள் முகம் ஒன்றுதான். தினம் பார்க்காவிட்டால் அதுவும் போய்விடாதா, பாவம்!

மறுபடியும் தேர்தலில் நிற்கும் செனட்டர் பர்டிக் நேற்று மதியம் பழைய பிக்கப்பில் வந்து இறங்கினார்.

"இல்லத்தை மூட விட்ருவேனா லவோன்? நானும் இதே மாவட்டத்துலதானே குடியிருக்கேன்! இன்னிக்கும் எங்கப்பா பண்ணை வீட்லதான் எனக்குப் படுக்கை. நாளைக்கு எனக்கும் அந்த இல்லத்துல ஒரு கட்டில் வேணுமில்ல?" என்று சிரித்தபடி தன் தேர்தல் படத்தைச் சுருட்டி நீட்டினார். அவள் கடை ஜன்னலில் அது ஏறிவிட்டால் பாதி ஊர் அவர் பக்கம்.

லவோன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். வண்டி மேலெல்லாம் வெறும் தூசி. நம்பர் பலகையில் மட்டும் அப்பிய சேறு.

"ஏன் ஹாலிஸ், நம்ம பக்கம் கடைசியா எப்ப மழை பேஞ்சுது?"

மாட்டுப்பண்ணை ஹாலிஸ் ரொட்டியைக் காரக்குழம்பில் தோய்த்தபடியே, "மழையா? என் குளத்து மீனுக்கே தாகம் எடுக்குதும்மா" என்றான்.

"வழியில ரோட்டுக்குத் தண்ணி அடிக்கிற லாரி ஒண்ணு..." என்று செனட்டர் இழுத்தார்.

அவள் ஈரத்துணியோடு வெளியே போனாள். 'பதினாலா இருக்கட்டும், கடவுளே, பதினாலா இருக்கட்டும்' என்று வாய் முணுமுணுத்தது. அழுத்தித் துடைத்தாள். சேற்றுக்கடியிலிருந்து ஒரு இரண்டு வந்தது. பக்கத்தில் இன்னொரு இரண்டு.

நம்ப ஆசைப்பட்டவள் அல்லவா! கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கக்கத்திலிருந்த படத்தை விரித்து, சிரித்த முகம் ஓட்டுபவரைப் பார்க்கும்படி, முன்கண்ணாடி வைப்பருக்கடியில் செருகினாள்.